ஒற்றைப் படிக நிக்கல் கலவை: முதல் கிரீப் சோதனையைச் செய்யப்போகிறவர்களுக்கு

ஜெட் என்ஜினின் டர்பைன் பிளேடு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், இவ்வளவுதானா என்று தோன்றும். பல பிளேடுகள் உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஆனால் அதன்மேல் பாயும் வாயுவின் சூடு 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சுத்தமான நிக்கல் 1455 டிகிரியிலேயே உருகிவிடும். பிளேடின் உள்ளே நுண்ணிய பாதைகளில் குளிர்ந்த காற்று ஓடுவதால்தான் உலோகம் 1000, 1100 டிகிரி அளவில் தாக்குப்பிடிக்கிறது. அந்தச் சூட்டில், சுழலும் வேகம் பிளேடை வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்போது, உலோகம் மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். அதுதான் கிரீப். தமிழில் ஊர்வு என்றும் எழுதலாம். சோதனைக்கூடத்தில் எல்லாருமே கிரீப் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். 10 சென்டிமீட்டர் பிளேடு 1 சதவீதம் நீண்டால் 1 மில்லிமீட்டர். பிளேடு நுனிக்கும் வெளி உறைக்கும் நடுவே விடும் இடைவெளிக்கு அதுவே அதிகம்.

இந்தக் கட்டுரை, ஒற்றைப் படிக நிக்கல் சூப்பர் அலாயில், அதாவது அதிகச் சூட்டைத் தாங்கும் நிக்கல் கலவையில், முதல் கிரீப் சோதனையைச் செய்யப்போகிற மாணவருக்கும் இளம் பொறியாளருக்கும். ஹைதராபாத்தில் உள்ள டி.எம்.ஆர்.எல். என்ற பாதுகாப்புத் துறை உலோக ஆய்வகம் ஒற்றைப் படிக பிளேடுகளைச் செய்து, அவற்றில் 60 பிளேடுகளை ஹெலிகாப்டர் என்ஜினுக்காக எச்.ஏ.எல். விமான நிறுவனத்துக்குக் கொடுத்ததாக 2021 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. இந்தத் துறைக்கு நம் ஊரிலேயே ஆட்கள் தேவைப்படும் காலம் இது. உதாரணத்துக்கு சிஎம்எஸ்எக்ஸ்-4 என்ற கலவையை எடுத்துக்கொள்கிறேன். உலகில் அதிகமாக ஆராயப்பட்ட ஒற்றைப் படிகக் கலவைகளில் ஒன்று அது. ஒப்பிட்டுப் பார்க்க எண்களுக்குப் பஞ்சமில்லை.

உலோகத்தின் உள்ளே என்ன இருக்கிறது

சாதாரண உலோகம் பல சிறு படிகங்கள் ஒட்டிய கூட்டம். அதிகச் சூட்டில் அந்த ஒட்டுகள்தான் முதலில் கைவிடும்: வழுக்கும், துளை விழும், பிளக்கும். அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தில் பிரான்சிஸ் வெர்ஸ்னைடரும் அவருடன் இருந்தவர்களும் 1960-களில், வார்க்கும்போதே படிகங்களை ஒரே திசையில் வளரவைக்கும் முறையை உருவாக்கினார்கள். அதன் அடுத்த கட்டம், ஒட்டே இல்லாமல் பிளேடு முழுவதையும் ஒரே படிகமாக வளர்ப்பது. அச்சின் அடியில் சுருள் வடிவில் ஒரு குறுகிய வழி இருக்கும். பல படிகங்கள் அதில் நுழைந்தாலும் ஒன்றுதான் மேலே வந்து சேரும். பிடபிள்யூஏ 1480 என்ற கலவையில் செய்த பிளேடுகள் 1982-ல் ஜேடி9டி-7ஆர்4 என்ஜினில் பயணிகள் விமானத்துக்கு வந்தன.

ஒட்டுகள் போனதால் கூடுதலாக ஒரு லாபமும் கிடைத்தது. அந்த ஒட்டுகளைப் பலப்படுத்தச் சேர்த்த கார்பன், போரான், சிர்கோனியம் எல்லாம் தேவையில்லாமல் போயின. அவை குறைந்ததும் உலோகம் உருகத் தொடங்கும் சூடு ஏறியது. அதனால் 1300 டிகிரிக்கு மேலேயும் கொண்டுபோய் முறையான வெப்பப் பதப்படுத்தல் செய்ய முடிந்தது.

பதப்படுத்திய சிஎம்எஸ்எக்ஸ்-4-ஐ எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் செங்கல் சுவர் மாதிரி இருக்கும். செங்கற்கள்தான் காமா பிரைம்: நிக்கலும் அலுமினியமும் ஒழுங்காக அடுக்கிய, ஏறக்குறைய அரை மைக்ரோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்கள். நடுவே உள்ள மெல்லிய சாந்துதான் காமா. அறை வெப்பநிலையில் கொள்ளளவில் சுமார் 70 சதவீதம் செங்கல்தான், சாந்து குறைவு. பொருள் வளைவதும் நீள்வதும் டிஸ்லொகேஷன் எனும், அணு அடுக்கு பிசகிய கோடுகள் நகர்வதால். அவை பெரும்பாலும் அந்தச் சாந்து வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. கலவையில் உள்ள 3 சதவீத ரீனியம், நிக்கலுக்குள் மிக மெதுவாக நகரும் அணு. அது சாந்தில் சேர்ந்து நின்று போக்குவரத்தை மந்தமாக்குகிறது. விலை அதிகம்தான், ஆனாலும் சிஎம்எஸ்எக்ஸ்-4 போன்ற இரண்டாம் தலைமுறைக் கலவைகள் அதை விடவில்லை.

முதல் வேலை: உலோகத்தின் எந்தச் சுபாவத்தைப் பார்க்கப்போகிறீர்கள் என்று தெரிந்துகொள்வது

பாடப்புத்தகத்தில் கிரீப் வளைவு மூன்று கட்டமாக இருக்கும்: வேகமாகத் தொடங்கி மந்தமாகும், பிறகு நேர்கோடாக நீண்ட காலம் ஓடும், கடைசியில் வேகம் பிடித்து அறுந்துபோகும். புதிதாக வருபவர்கள் தங்கள் வளைவிலும் அந்த நடு நேர்கோட்டைத் தேடுகிறார்கள். தயவுசெய்து தேடாதீர்கள். இந்த உலோகத்தில் பெரும்பாலும் அப்படி ஒன்று கிடையாது. சூடும் இழுவிசையும் மாறினால் சுபாவமே மாறும். சிஎம்எஸ்எக்ஸ்-4-ல் மூன்று சுபாவங்களைத் தெளிவாகப் பார்க்கலாம்.

750 டிகிரி சூடு, 750 மெகாபாஸ்கல் (ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 750 நியூட்டன்) இழுவிசை பக்கம் போனால், தொடக்கத்திலேயே சில சதவீதம் சடசடவென்று நீண்டுவிட்டு அப்புறம் அடங்கும். இழுவிசை மிக அதிகம் என்பதால் டிஸ்லொகேஷன்கள் கூட்டாகச் சேர்ந்து செங்கல்லையே அறுத்துக்கொண்டு போகின்றன. இதை முதன்மைக் கிரீப் என்பார்கள்.

950 டிகிரி, 185 மெகாபாஸ்கல் பக்கத்தில் கதை நேர் எதிர். தொடக்கம் மிக மந்தம். பிறகு நீளம் கூடக்கூட வேகமும் கூடும், கூடிக்கொண்டே போகும். ஓய்வு என்பதே இல்லை. டிஸ்லொகேஷன்கள் சாந்துக்குள் பெருகிக்கொண்டே போவதன் விளைவு இது. செங்கல்லை அவை பெரும்பாலும் அறுப்பதில்லை.

1150 டிகிரி, 100 மெகாபாஸ்கலில் மூன்றாவது சுபாவம். சில மணி நேரத்திலேயே கனசதுரங்கள் பக்கத்துக் கனசதுரங்களோடு ஒட்டி, இழுவிசைக்குக் குறுக்காகப் படுத்த நீண்ட பலகைகளாக மாறும். ஆங்கிலத்தில் இதை ராஃப்டிங் என்கிறார்கள். தெப்பம் கட்டுவது என்று நினைத்துக்கொண்டால் படம் மனதில் நிற்கும். தெப்பம் கட்டி முடிந்ததும் டிஸ்லொகேஷன்கள் ஏறிக்கடக்க வழியில்லாமல் திணறும். வளைவு வெகுநேரம் ஏறக்குறைய படுத்தே இருக்கும். பிறகு, அதிக எச்சரிக்கை இல்லாமல், திடீரென்று அறுந்துவிடும்.

இவை மூன்றும் ஒரே பிளேடில் ஒரே நேரத்தில் நடக்கலாம். வேர்ப் பக்கம் சூடு குறைவு, இழுவிசை அதிகம். நடுப்பகுதி சூடாக, நடுத்தர இழுவிசையில். நுனிப் பக்கம் கொதிக்கும், ஆனால் இழுக்க அதற்கு மேலே எடை இல்லை. ஆகவே சோதனைக்கு ஒரு வெப்பநிலையும் இழுவிசையும் தேர்ந்தெடுக்கும்போது, பிளேடின் எந்த இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்பதை நோட்டின் முதல் வரியில் எழுதுங்கள்.

கட்டுரைகளைப் படிக்கும்போது 982 டிகிரி, 248 மெகாபாஸ்கல் என்று அடிக்கடி வரும். ஏன் இப்படி ஒரு உடைந்த எண் என்று குழம்ப வேண்டாம்: 1800 ஃபாரன்ஹீட், சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு. ஜப்பானியர்களின் 1100 டிகிரி, 137 மெகாபாஸ்கலும் அப்படித்தான். சதுர மில்லிமீட்டருக்கு 14 கிலோ. ஒப்பிட வசதியாக உங்கள் சோதனைகளில் ஒன்றையாவது இந்த இரண்டில் ஒன்றில் வையுங்கள்.

மாதிரியைத் தயார்செய்வது

முதலில் திசை. ஒற்றைப் படிகம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. கனசதுரத்தின் விளிம்புத் திசையில், அதாவது 001 திசையில், அறை வெப்பநிலையில் அதன் விறைப்பு சுமார் 125 கிகாபாஸ்கல். மூலைவிட்டத் திசையில் 300-ஐத் தாண்டும். பிளேடுகள் 001 திசையில்தான் வளர்க்கப்படுகின்றன, ஏனென்றால் விறைப்பு குறைவாக இருந்தால் சூடும் குளிரும் மாறிமாறி வரும்போது உள்ளே எழும் இழுவிசையும் குறைவு. வார்ப்பு எப்போதும் சரியாக அந்தத் திசையில் அமையாது, சில டிகிரி சாய்வு இருக்கும். படிகத்தின் திசையைக் காட்டும் லாவே எக்ஸ்ரே படம் எடுத்து ஒவ்வொரு மாதிரியின் சாய்வையும் அளந்து குறித்துவையுங்கள். எவ்வளவு சாய்வு என்பது மட்டும் போதாது. எந்தப் பக்கம் சாய்வு என்பதும் வேண்டும். 750 டிகிரி சோதனையில், ஒரே அளவு சாய்ந்த இரண்டு மாதிரிகள், சாய்ந்த பக்கம் வேறு என்பதாலேயே பல மடங்கு வித்தியாசமாக நீளும். 1100 டிகிரியில் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும்.

அடுத்தது வெப்பப் பதப்படுத்தல். வார்த்த உலோகத்தில் டங்ஸ்டனும் ரீனியமும் ஒரு இடத்தில் குவிந்து, அலுமினியமும் டான்டலமும் வேறு இடத்தில் தங்கியிருக்கும். அதைக் கலைக்க, படிப்படியாக ஏற்றி 1320 டிகிரிக்கு அருகில் கொண்டுபோவார்கள். ஒரே மூச்சில் ஏற்றினால் கடைசியாக உறைந்த இடங்கள் உருக ஆரம்பிக்கும், மாதிரி வீண். அதன்பின் 1140 டிகிரியில் செங்கற்களை வேண்டிய அளவுக்கு வளர்த்து, 870-ல் நீண்ட நேரம் வைத்து முடிப்பது வழக்கம்.

இந்தப் பதப்படுத்தலுக்கு முன்னால் மாதிரியைத் தட்டாதீர்கள், பஞ்ச் கருவியால் எண் குத்தாதீர்கள், மணல் அடிக்காதீர்கள். அடிபட்ட இடத்தில் 1300 டிகிரியில் புதுப் படிகங்கள் முளைக்கும். ஒட்டே இல்லாத உலோகம் வேண்டும் என்று பாடுபட்டு வார்த்துவிட்டு, ஒரு சுத்தியல் தட்டில் ஒட்டுகளை வரவைத்ததாகிவிடும். அடையாள எண்ணை எல்லாம் முடிந்தபிறகு தலைப்பகுதியில் மட்டும் எழுதுங்கள். மின்பொறி வெட்டு முறையில் வெட்டியிருந்தால், மேலே உருகி ஒட்டிய மெல்லிய படலத்தைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

எடை, சூடு, நீளம்

எடைக் கணக்கை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள மாதிரியின் குறுக்குப் பரப்பு 12.57 சதுர மில்லிமீட்டர். 100 மெகாபாஸ்கல் வேண்டுமென்றால் 1257 நியூட்டன், அதாவது சுமார் 128 கிலோ. சோதனை இயந்திரத்தின் நெம்புகோல் விகிதம் பத்துக்கு ஒன்று என்றால் தட்டில் 12.8 கிலோ போதும். விட்டத்தை மைக்ரோமீட்டர் கருவியால் மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளந்துகொள்ளுங்கள். விட்டத்தில் 1 சதவீதம் தவறினால் இழுவிசையில் 2 சதவீதம் தவறும். மாதிரி அறுந்ததும் எடைத்தட்டு தடாலென்று விழும். அடியில் மணல் தட்டு வையுங்கள். ஓடும் இயந்திரத்தின் எடைக்குக் கீழே காலை நீட்டாதீர்கள்.

பிடிகளின் மரைகள் 1100 டிகிரியில் மாதிரியோடு ஒட்டிக்கொள்ளும். மருந்துக்கடையில் விற்கும் மில்க் ஆஃப் மக்னீசியாவை மரையில் தடவிக் காயவிட்டு மாட்டுவது பழைய, நல்ல வழக்கம். உலை வாயை அடைக்கும் செராமிக் பஞ்சைத் தொடும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கெட்டுப்போன சோதனைகளில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன.

சூட்டையும் மாதிரியின் ஆயுளையும் இணைக்கும் லார்சன்–மில்லர் கணக்கு 1952-ல் வந்தது. இன்றும் தினசரி பயன்படுகிறது. ஆயுளை மணியில் எடுத்து அதன் மடக்கையோடு 20-ஐக் கூட்டுங்கள். வருவதைக் கெல்வின் வெப்பநிலையால் பெருக்குங்கள். ஒரே இழுவிசைக்கு இந்த எண் ஏறக்குறைய மாறாது. 982 டிகிரியில், அதாவது 1255 கெல்வினில், ஒரு மாதிரி 250 மணி நேரம் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 250-ன் மடக்கை 2.398. ஆக 1255-ஐ 22.398-ஆல் பெருக்கினால் சுமார் 28,109. இப்போது சூடு 3 டிகிரி கூடிவிட்டால்? 28,109-ஐ 1258-ஆல் வகுத்து 20-ஐக் கழித்தால் 2.344, ஆயுள் 221 மணி. 10 டிகிரி கூடினால் 166 மணி. 18 டிகிரி கூடி 1000 ஆகிவிட்டால் 120 மணி: பாதிக்கும் கீழே.

ஏ.எஸ்.டி.எம். இ139 என்ற சோதனைத் தரம் 1000 டிகிரி வரை கூட்டியோ குறைத்தோ 2 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது, அதற்கு மேலே 3 டிகிரி என்று சொல்வது இதனால்தான். வெப்பநிலையை அளக்கும் கம்பி இணையான தெர்மோகப்பிளில், கே வகை இந்தச் சூட்டில் நாளாக நாளாக வழிதவறும். பிளாட்டினம்–ரோடியம் கம்பிகளால் ஆன ஆர் அல்லது எஸ் வகையை வாங்குங்கள். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் கட்டுங்கள். முனை மாதிரியைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், உலைச் சுவரின் கதிர்வீச்சு நேராகப் படாமல் பஞ்சால் மூடியிருக்க வேண்டும்.

நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருஷம், 982 டிகிரியில் ஓடவிட்ட ஒரு மாதிரி 250 மணிக்குப் பதிலாக 380 மணி வரை தாங்கியது. நல்ல வார்ப்பு என்று எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டு வாரம் கழித்து உலையைப் பிரித்தபோது, நடுத் தெர்மோகப்பிளின் முனை மாதிரியிலிருந்து ஒரு காகிதத்தின் தடிமன் அளவுக்கு விலகி நின்றதைப் பார்த்தேன். மாதிரியைவிடச் சூடான உலைச் சுவரை அது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அது காட்டிய 982-ஐ நம்பி உலை அடங்கியிருந்தது, மாதிரியோ பத்து டிகிரி கீழே இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் 378 மணி வரும். ஆயுள் குறைந்திருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்போம். கூடியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதிலிருந்து, எதிர்பார்த்ததைவிட நன்றாக வரும் முடிவைத்தான் நான் முதலில் பிரித்துப் பார்க்கிறேன்.

நீளத்தை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டரை மாதிரியின் அளவுப் பகுதியிலேயே, அதாவது நடுவே ஒரே விட்டமுள்ள பகுதியிலேயே, பிடிக்க வேண்டும். நெம்புகோலின் இறக்கத்தை அளந்தால் பிடிகளும் தண்டுகளும் நீள்வதும் சேர்ந்துவிடும். 25 மில்லிமீட்டர் அளவு நீளத்தில் 0.01 சதவீதம் என்பது 2.5 மைக்ரோமீட்டர். அறையின் ஏசி நின்றுநின்று ஓடினாலே வளைவில் அலை தெரியும். அந்த அலைக்கு ஒரு விளக்கத்தை உலோகத்துக்குள் தேடாமல், அறை வெப்பநிலையையும் கூடவே பதிவுசெய்து வாருங்கள்.

சூடு ஏறி முடிந்து, மூன்று தெர்மோகப்பிளும் ஒத்துப்போய், ஒரு மணி நேரமாவது நிலைத்த பிறகே எடையை ஏற்றுங்கள். மெதுவாக, ஆட்டமில்லாமல். ஏற்றும்போது வரும் மீள்நீட்சியைத் தனியாகக் குறியுங்கள். முதல் ஒரு மணி நேரம் சில நொடிக்கு ஒரு புள்ளி, பிறகு நிமிடத்துக்கு ஒன்று. 750 டிகிரி சோதனையில் முக்கியமானதெல்லாம் தொடக்கத்தில்தான் நடக்கிறது. அதைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது.

வளைவைப் படிப்பது

நேரத்துக்கு எதிராக நீட்சி என்ற படத்தை மட்டும் வரைந்து நிறுத்திக்கொள்ளாதீர்கள். நீளும் வேகத்தின் மடக்கையை நீட்சிக்கு எதிராக வரையுங்கள். மூன்று சுபாவங்களும் அதில் பளிச்சென்று பிரியும். முதன்மைக் கிரீப் உச்சத்தில் தொடங்கி விழும். 950 டிகிரி மாதிரி ஏறிக்கொண்டே போகும். 1100-க்கு மேலே உள்ள மாதிரி பள்ளத்தில் இறங்கி, அங்கே தங்கி, பிறகு செங்குத்தாக ஏறும். அந்தப் பள்ளத்தின் ஆழம்தான் குறைந்தபட்சக் கிரீப் வேகம். தெப்பத்துக்கும் சாந்துக்கும் நடுவே உள்ள எல்லையில் டிஸ்லொகேஷன்கள் வலை மாதிரி பின்னிக்கொள்கின்றன. வலைக்கண் நெருக்கமாக இருந்தால் பள்ளம் ஆழமாகும். ஜப்பானின் நிம்ஸ் ஆய்வகம் ருதேனியம் சேர்த்து உருவாக்கிய அடுத்த தலைமுறைக் கலவைகள் இந்த வலையை நெருக்கமாக்கித்தான் முன்னேறின.

ஆயுளை முன்கூட்டியே சொல்ல லார்சன்–மில்லரைப் பயன்படுத்தும்போது, 750 டிகிரி எண்களையும் 1150 டிகிரி எண்களையும் ஒரே கோட்டில் கோத்துவிடாதீர்கள். நடப்பது வேறு வேறு. 1150-ல் செங்கற்களில் ஒரு பங்கு கரைந்தே போயிருக்கும். குறுகிய சோதனையிலிருந்து நீண்ட ஆயுளைக் கணிக்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு: ரீனியம், டங்ஸ்டன் நிறைந்த ஊசிகளும் தட்டுகளும் நூற்றுக்கணக்கான மணி நேரத்துக்குப் பிறகு மெதுவாகப் படிந்து சாந்தின் பலத்தை உறிஞ்சிவிடும். 100 மணி நேரச் சோதனைக்கு அவை தெரியவே தெரியாது.

அறுந்த பிறகு

இரண்டு துண்டுகளையும் பத்திரமாக எடுங்கள். முறிந்த முகங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். பொருத்தினால் முகம் நசுங்கிவிடும். நுண்ணோக்கியில் முகத்தைப் பாருங்கள். அதிகச் சூட்டில் அறுந்ததென்றால் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும், பலவற்றின் நடுவே ஒரு துளை. வார்க்கும்போதே உள்ளே இருந்த துளைகளிலிருந்து விரிசல் பரவிய தடம் அது. துளைகள் மிக அதிகம் என்றால், சூடான வாயு அழுத்தத்தில் மூடும் ஹிப் முறை அந்த வார்ப்புக்குத் தேவை என்று எழுதிவைக்கலாம்.

பாதியில் நிறுத்திப் பார்க்கும் சோதனை என்றால், எடையை இறக்காமலேயே உலையை அணைத்துத் திறந்து குளிரவிடுங்கள். எடையை முதலில் எடுத்துவிட்டால், நீங்கள் பார்க்க நினைத்த டிஸ்லொகேஷன்கள் சூட்டிலேயே இடம் மாறிவிடும்.

அப்புறம் மாதிரியை நீளவாக்கில் வெட்டி, மெருகேற்றி, அரித்து, இரண்டு இடத்தில் படம் எடுங்கள்: நடுப்பகுதியில் ஒன்று, மரை உள்ள தலைப்பகுதியில் ஒன்று. தலையும் உலைக்குள்தான் அதே நேரம் இருந்தது, ஏறக்குறைய அதே சூட்டில். ஆனால் அங்கே குறுக்குப் பரப்பு அதிகம், இழுவிசை குறைவு. நடுவில் பலகைகள் இழுவிசைக்குக் குறுக்கே வரிசையாகப் படுத்திருக்கும். தலையிலோ செங்கற்கள் கொஞ்சம் பெருத்து, ஓரம் மழுங்கி, ஆனாலும் ஒரு பக்கமாகச் சாயாமல் நிற்கும். இரண்டு படங்களையும் ஒரே அளவுகோலில், இழுவிசைத் திசையை அம்புக்குறியிட்டு, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.